ஆறிப்போன ரேடியேட்டரும் குக்கர் வெயிட்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஒரு பக்கம், வீட்ல அஞ்சு மாசப் பாப்பா இன்னொரு பக்கம். ரெண்டுல எது அதிகமா கத்துதுன்னு இன்னும் முடிவு பண்ண முடியல :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். இது ஒரு ரேடியேட்டர் பத்தின பதிவு. கார் ரேடியேட்டர் இல்லீங்க. வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர். "எங்க ஊர்ல ஏசிக்கே கரண்ட் இல்ல, இவ ஹீட்டர் பத்தி எழுத வந்துட்டா"ன்னு நம்ம மக்கள் சிலபேர் கெளம்பறதுக்குள்ள சொல்லிடறேன். நான் சொல்ல வர்ற விஷயம் கம்மாபுரத்துக்கும் பொருந்தும். கடைசி வரைக்கும் படிங்க.

நாங்க இருக்கறது நியூயார்க்ல, குவீன்ஸ் பகுதி. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் பொடிநடையா போயிடலாம். வீடு 1920கள்ல கட்டினது. கீழே நிலவறையில ஒரு பாய்லர். அதுல தண்ணி கொதிச்சு, நீராவி இரும்புக் குழாய் வழியா ஒவ்வொரு ரூமுக்கும் வரும். ரூம்ல ஜன்னலுக்குக் கீழே, பத்துப் பன்னெண்டு வார்ப்பிரும்புப் பட்டையை நெருக்கமா நிக்க வெச்ச மாதிரி ஒண்ணு இருக்கும். அதான் ரேடியேட்டர். நீராவி அதுக்குள்ள போய்த் தண்ணியாகும், சூட்டை ரூமுக்குக் குடுக்கும், அந்தத் தண்ணி வந்த குழாய் வழியாவே பாய்லருக்குத் திரும்பிப் போயிடும். பம்ப் கிடையாது, ஃபேன் கிடையாது. நூறு வருஷப் பழசு, ஆனா சிம்பிள்.

பேறுகாலத்துக்குன்னு ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க. கம்மாபுரத்துல மார்கழி விடியக்காலையில வாசத்தெளிக்கறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச அதிகபட்சக் குளிர். அவங்களுக்கும் பாப்பாவுக்கும் பின்பக்க ரூமைக் குடுத்திருந்தோம். ஜனவரி வந்தது. வெளிய மைனஸ் 10. ஹால் ரேடியேட்டர் கொதிக்குது, ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டு பனியன்ல உக்காந்திருக்கார் ரங்கமணி. பின்பக்க ரூம்லயோ 12 டிகிரி. ரேடியேட்டர்ல குழாய் நுழையற பக்கம் முதல் ரெண்டு பட்டை மட்டும் சூடு, மீதி எல்லாம் ஐஸ். அம்மா ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் குளிரலடி"ன்னு சொல்றாங்க. பல்லு தந்தியடிக்குது.

இந்த ஊர்ல இதுக்குச் சட்டம் இருக்கு. அக்டோபர் 1ல இருந்து மே 31 வரைக்கும், பகல்ல வெளிய 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனா வீட்டுக்குள்ள 68 ஃபாரன்ஹீட்டாவது இருக்கணும். நம்ம கணக்குல 20 டிகிரி. ராத்திரி வெளிய எப்படி இருந்தாலும் 62, அதாவது சுமார் 17 டிகிரி. குடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னோம். அவர் ஒருத்தரை அனுப்பினார். வந்தவர் ரூமுக்குள்ள எட்டிக்கூடப் பாக்கல. நேரா நிலவறைக்குப் போனார், பாய்லர்ல இருக்கற டயலைத் திருகினார், பிரஷரைக் கூட்டிட்டேன்னு ரங்கமணிகிட்ட சொன்னார். கேள்வி கேட்டது நான், பதில் போனது அவருக்கு. அது தனிப்பதிவு, இன்னொரு நாள் வெச்சுக்கறேன்.

அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்குக் குழாய்க்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கற மாதிரி டம் டம்னு சத்தம். பாப்பா அலறி எழுந்துட்டா. ஹால் இன்னும் கொதிச்சுது. பின்ரூம் அதே 12. மறுபடி கூப்பிட்டோம். இந்தத் தடவை வந்த பதில்: சிஸ்டம் பழசாயிடுச்சு, மொத்தமா மாத்தணும், பல ஆயிரம் டாலர் ஆகும், அடுத்த வருஷம் பாக்கலாம்.

அடுத்த வருஷமா! பாப்பா அதுக்குள்ள நடக்கவே ஆரம்பிச்சிருப்பா.

வேற வழியில்லாம ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்கினோம். கரண்ட்ல ஓடற குட்டி ஹீட்டர். தொட்டிலுக்குப் பக்கத்துல அது ராப்பகலா ஓடுது. ரெண்டாவது நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. காரணம் இருக்கு. 2022 ஜனவரி 9, பிராங்க்ஸ்ல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல தீவிபத்து. 17 பேர் இறந்தாங்க, அதுல 8 பேர் குழந்தைங்க. தீ ஆரம்பிச்சது ஒரு ஸ்பேஸ் ஹீட்டர்ல. தானா மூடிக்க வேண்டிய கதவு மூடாம நின்னதால புகை மேல வரைக்கும் பரவிடுச்சு. யாரும் ஆசைக்காக ஸ்பேஸ் ஹீட்டர் வாங்கறதில்ல. குளிருதுன்னுதான் வாங்கறாங்க. அதனால "ஒரே ஒரு ரேடியேட்டர் ஆறிப்போச்சு, அவ்ளோதானே"ன்னு சொன்னா எனக்குக் கோவம் வருது.

இப்போ ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். 60 பேர் இருந்த கிளாஸ்ல நாங்க 4 பொண்ணுங்க. படிச்சு முடிச்சு கேம்பஸ்ல சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். தெர்மல் இன்ஜினியரிங்ல ஒரு தடவை அரியர் வெச்சுத்தான் பாஸ் பண்ணினேன். ஸ்டீம் டேபிளைப் பரீட்சைக்கு எடுத்துட்டுப் போகலாம், ஆனா அதுல எந்தப் பக்கத்தைப் பாக்கணும்னு தெரிஞ்சிருக்கணுமே :-( அப்படிப்பட்ட நான், ரேடியேட்டர் முன்னாடி மூணு நாளா உக்காந்து அதை மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அது என்னை மொறச்சுப் பாத்தது.

கடைசியில அப்பாவுக்கு வாட்ஸப்ல வீடியோ கால் போட்டேன். அப்பா நெய்வேலி அனல்மின் நிலையத்துல பாய்லர் பக்கம் 30 வருஷம் வேலை பாத்தவர். பத்தாவது வரைக்கும்தான் படிச்சவர். போனைத் திருப்பி ரேடியேட்டரைக் காட்டினேன்.

"ஸ்டீம் எந்தப் பக்கம் வருது பாப்பா?"

"இடது பக்கம் கீழப்பா."

"வலது பக்கம் பாதி ஒசரத்துல ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதே, அது வென்ட்டா? தொறந்திருக்கா?"

"அதுவா? அது ஏதோ திருகாணின்னு நெனச்சேன்ப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நீதானே இன்ஜினியரு?"ன்னார். தேவையா எனக்கு!

அப்பா சொன்னது இதுதான். பாய்லர் ஆறினதும் ரேடியேட்டர் காலியா இருக்காது. அதுக்குள்ள காத்து நிறைஞ்சிருக்கும். நீராவி உள்ள வரணும்னா காத்து வெளிய போகணும். அதுக்குத்தான் அந்தக் கட்டைவிரல் அளவு ஏர் வென்ட். காத்தை விடும், சூடான நீராவி வந்து தொட்டதும் தானா மூடிக்கும். ஆறினதும் மறுபடி தொறந்துக்கும். அது அடைச்சுக்கிட்டா காத்து உள்ளேயே மாட்டிக்கும். நீராவி வாசல்லயே நின்னுடும். அதான் முதல் ரெண்டு பட்டை மட்டும் சூடு.

"பவர் ஹவுஸ்லயும் இதே கததான் பாப்பா. பாய்லரை லைட்டப் பண்றப்போ டிரம் வென்ட்டைத் தொறந்து வெச்சு, காத்தெல்லாம் போயி நல்லா ஸ்டீம் அடிச்சதுக்கப்புறம்தான் மூடுவோம். கண்டென்சர்ல காத்து பூந்துச்சுன்னா வேக்குவம் போயிடும், லோடு எடுக்காது. ஸ்டீமுக்கு எதிரி குளிர் இல்ல, காத்து."

பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருந்த அம்மா, "இதுக்கா மூணு நாளு? குக்கர்ல ஆவி நல்லா வந்தப்புறம்தானே வெயிட்டு போடுவோம்"ன்னாங்க. எனக்குச் சட்டுன்னு பொறி தட்டுச்சு. எதுக்கு ஆவி வர்ற வரைக்கும் காத்திருக்கோம்? உள்ள இருக்கற காத்தை வெளியேத்தத்தான். 4 வருஷப் படிப்பு, ஒரு அரியர், எல்லாம் சேர்ந்து எனக்குச் சொல்லாததை அம்மா கேஸ் அடுப்புப் பக்கத்துல தினமும் பண்ணிட்டு இருந்திருக்காங்க.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒரு மணி நேர வேலை. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு, பாய்லரை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறினப்புறம் வென்ட்டைக் கழட்டினோம். சூடா இருக்கும்போது தொடவே கூடாது, நீராவி முகத்துல அடிச்சிடும். எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாங்களோ, வென்ட்டோட வாயே பெயிண்ட்டால மூடியிருந்துச்சு. "வாயில வெச்சு ஊதிப் பாரு"ன்னார் அப்பா. துடைச்சுட்டு ஊதினேன். ஆறின வென்ட்ல காத்து போகணும். போகல. செத்துப்போன வென்ட்.

புது வென்ட் 15 டாலர் சொச்சம். மரையில டெஃப்லான் டேப் சுத்தி, நேரா நிக்கற மாதிரி கையால முறுக்கினோம். அப்பா இன்னும் ரெண்டு விஷயம் பாக்கச் சொன்னார். ஒண்ணு, குழாய்ப் பக்கத்து வால்வு முழுசா தொறந்திருக்கணும், இல்லன்னா முழுசா மூடியிருக்கணும். ஒரே குழாய்ல நீராவி மேல வரணும், தண்ணி கீழ போகணும். பாதி தொறந்து வெச்சா ரெண்டும் வாசல்ல முட்டிக்கும். எங்களோடது பாதிதான் தொறந்திருந்துச்சு. ரெண்டாவது, ரேடியேட்டர் வால்வு பக்கமா லேசா சரிஞ்சு இருக்கணும், அப்பத்தான் தண்ணி வழிஞ்சு திரும்பும். போன்ல ரசமட்டம் வெச்சுப் பாத்தா எதிர்ப்பக்கம் சரிஞ்சிருந்துச்சு. நூறு வருஷத்துல தரை அமுங்கியிருக்கு. ரங்கமணி கடப்பாரை வெச்சு நெம்ப, நான் கால் டாலர் நாணயம் ரெண்டு ரெண்டா வென்ட் பக்கத்துக் கால்களுக்கு அடியில சொருகினேன். டம் டம் சத்தத்துக்கு இதெல்லாம்தான் காரணம். தேங்கின தண்ணியை நீராவி தள்ளிட்டுப் போய்க் குழாய் வளைவுல மோதற சத்தம் அது.

பாய்லரை ஓட விட்டோம். வென்ட் ஸ்ஸ்ஸ்னு மூச்சு விட ஆரம்பிச்சுது. மூணாவது பட்டை சூடாச்சு. நாலாவது. அஞ்சாவது. இருபது நிமிஷத்துல கடைசிப் பட்டை வரைக்கும் கை வைக்க முடியல. வென்ட் தானா வாயை மூடிக்கிச்சு. அம்மா குரங்குக் குல்லாவைக் கழட்டினாங்க. நான் ஸ்பேஸ் ஹீட்டர் பிளக்கைப் புடுங்கினேன். அன்னைக்கு ராத்திரிதான் தூங்கினேன்.

கதை முடிஞ்சுது. இனி என் கருத்து. அடிக்க வர்றவங்க வரிசையில வாங்க.

சூடு வரலன்னதும் பிரஷரைக் கூட்டறது தப்பு மட்டுமில்ல, எதிர்மறையான வேலை. அரியர் வெச்ச அந்த ஸ்டீம் டேபிளையே சாட்சிக்குக் கூப்பிடறேன். 100 டிகிரியில 1 கிலோ தண்ணி ஆவியாக 2257 கிலோஜூல் வேணும். திரும்பத் தண்ணியாகும்போது அவ்வளவையும் குடுத்துடும். ரூமைச் சூடாக்கறது இதுதான். பிரஷரை 5 பிஎஸ்ஐ கூட்டினா நீராவியோட வெப்பம் 100ல இருந்து சுமார் 108 டிகிரி ஆகும், அவ்ளோதான். உள்ளுறை வெப்பமோ கொஞ்சம் குறையவே செய்யும். அது மட்டுமில்ல, பிரஷர் ரொம்ப ஏறினா நல்ல வென்ட்டையும் தொறக்க விடாம அமுக்கிப் பிடிச்சுடும். வீட்டு ஸ்டீமுக்கு 2 பிஎஸ்ஐக்குள்ள இருந்தாலே தாராளம். நம்ம பாஷையில சொன்னா இது குக்கர் இல்ல, இட்லிப் பானை. இட்லி வேகலன்னா பானை மேல அம்மிக்கல்லையா தூக்கி வைப்போம்?

சரி, ஒருவேளை பாய்லர் சின்னதோ, சூடு பத்தலையோன்னா, அதுவும் இல்ல. டான் ஹோலஹன்னு ஒருத்தர். பழைய ஸ்டீம் சிஸ்டம் பத்தி 1992ல புத்தகம் போட்டவர், வாழ்நாளையே அதுல கழிச்சவர். அவர் சொல்றது: 1918 ஃப்ளூ காலத்துக்கப்புறம் காத்தோட்டத்துக்காக ஜன்னலைத் தொறந்து வெச்சே தூங்கணும்னு சுகாதாரத் துறைங்க வலியுறுத்தினாங்க. அதனால கடுங்குளிர்லயும் ஜன்னல் தொறந்திருந்தாலும் வீடு சூடா இருக்கற அளவுக்குப் பாய்லரையும் ரேடியேட்டரையும் பெருசா வெச்சுட்டாங்க. 1920கள்ல கட்டின வீட்ல சூட்டுக்குப் பஞ்சம் வர்றது அபூர்வம். எங்க வீட்லயும் சூடு இருந்துச்சு. ஹால்ல, ஜன்னல் வழியா தெருவுக்குப் போயிட்டு இருந்துச்சு. சேர வேண்டிய எடத்துக்குத்தான் வழியில்ல.

ஆணி புடுங்கற நம்ம மக்களுக்கு இது தெரிஞ்ச கதைதானே? அப்ளிகேஷன் ஸ்லோன்னா இன்னும் நாலு சர்வர் போடு. ரிலீஸ் லேட்டுன்னா டீமுக்குப் பிரஷர் குடு, சனிக்கிழமை வரச் சொல்லு. எங்கயோ ஒரு சின்ன எடத்துல அடைச்சிருக்கும். அதை யாரும் போய்த் தொட்டுப் பாக்க மாட்டாங்க. டயல் பக்கத்துல இருக்கு, திருகறது ஈஸி.

"இந்தப் பழைய இரும்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஹீட் பம்ப் வைக்கலாமே"ன்னு பின்னூட்டத்துல வரும், தெரியும். நியாயமான கேள்வி. இது எரிவாயுவை எரிச்சுப் புகை விடற சிஸ்டம். 2019ல வந்த லோக்கல் லா 97 சட்டப்படி 25,000 சதுர அடிக்கு மேல இருக்கற கட்டடங்களுக்கு 2024ல இருந்து கரியமில வாயு உச்சவரம்பு இருக்கு. காலம் அந்தப் பக்கம்தான் போகுது, போகட்டும். ஆனா "அடுத்த வருஷம் மொத்தமா மாத்தறோம்"ங்கற வாக்குறுதி, "இன்னைக்கு 15 ரூபா வேலையைப் பண்ண மாட்டோம்"ங்கறதுக்குச் சாக்காக இருக்கக் கூடாது. நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்துல 1962ல மின் உற்பத்தி ஆரம்பிச்சுது. 2020லதான் நிறுத்தினாங்க. 58 வருஷம். புதுசு வர்ற வரைக்கும் பழசு ஓடினதுக்குக் காரணம், ஷிப்டுக்கு ஷிப்டு வென்ட்டையும் வால்வையும் தொட்டுப் பாத்த ஆளுங்க.

தொட்டுப் பாக்காம விட்டா என்ன ஆகும்னும் நெய்வேலிக்குத் தெரியும். வீட்டு பாய்லர் பிரஷர் வளிமண்டலத்துல ஒரு சின்னப் பங்குதான் தேறும். அங்க 210 மெகாவாட் யூனிட்ல அது வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல. 2020 மே 7, ஜூலை 1 – ரெண்டே மாசத்துக்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்துல ரெண்டு பாய்லர் விபத்து. இறந்தவங்கள்ல ஒப்பந்தத் தொழிலாளிங்க இருந்தாங்க. எங்க ஊர்ப் பக்கம் பல வீடுகள்ல அன்னைக்கு அடுப்பு எரியல. அது என்ன கோளாறு, யார் பொறுப்புன்னு ஒரு ரேடியேட்டர் பதிவுல நான் தீர்ப்பு சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். ஆனா ஒண்ணு தெரியுது. நெய்வேலியோ பிராங்க்ஸோ, பராமரிப்பு சரியா இருக்கா இல்லையான்னு முதல்ல உடம்பால தெரிஞ்சுக்கறவங்க பக்கத்துல நிக்கறவங்கதான். டயல் அவங்க கையில இருக்கறதில்ல.

அதனால என் கட்சி இதுதான். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, பிரஷரைக் கூட்டறதுக்கு முன்னாடி, அந்த ரூமுக்குப் போங்க. கையை வெச்சுப் பாருங்க. எது வரைக்கும் சூடு, எங்க இருந்து ஆறியிருக்குன்னு பாருங்க. அங்க படுத்துத் தூங்கறவங்களைக் கேளுங்க. "எனக்கு ஒண்ணும் குளிரல"ன்னு சொன்னா நம்பாதீங்க.

வீட்டுக்காரருக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பினேன். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு பாய்லர் பிரஷரைக் குறைக்க வெச்சார், ஹாலுக்கு மெதுவா காத்து விடற வென்ட் போட்டுக் குடுத்தார். கீழ் வீட்லயும் ரெண்டு வென்ட் மாத்தியாச்சு. ஹால் ஜன்னல் இப்ப மூடியே இருக்கு. ரங்கமணி சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார் :-)

டிஸ்கி 1: பாய்லர் பிரஷர் டயல், கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் நீங்களே திருகாதீங்க. ஆறின ரேடியேட்டர்ல வென்ட் மாத்தறதோட நிறுத்திக்கங்க, அதுவும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு. குளிர் தாங்கலன்னா இந்த ஊர்ல 311க்கு போன் போடுங்க, வெக்கப்படாதீங்க.

டிஸ்கி 2: அரியர் விஷயம் அப்பாவுக்கு இது வரைக்கும் தெரியாது. அவர் வலைப்பதிவு படிக்கறதில்ல. கம்மாபுரம் மக்கள் யாராவது படிச்சா போட்டுக் குடுத்துடாதீங்க சாமி!